வெர்னாவின் ஜன்னலும் அலறும் பெட்டியும்

2024 நவம்பர் 12, செவ்வாய்

கடந்த சனிக்கிழமை, அதாவது ஒன்பதாம் தேதி, காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போயிற்று. (கார்லா தொலைபேசியில் 'வெள்ளிக்கிழமை' என்கிறாள். தவறு. மகள் என்பதற்காகத் தேதியை விட்டுக்கொடுக்க இயலாது.) மருமகன் டிவைட் சென்ற ஆண்டு வாங்கித் தந்த ஜெனரேட்டரை முடுக்கினேன். விளக்குகள் எரிந்தன. கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது. நின்றுபோயிருந்த சமையலறைக் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்தேன்.

அனைத்தும் ஒழுங்காக இருந்த அந்த நேரத்தில்தான், சரக்கறையில், ஊறிய முட்டைக்கோஸ் ஜாடிகளுக்கு அருகே உள்ள, மின்தடையின்போது சர்வர் கணினிக்குப் பேட்டரி தரும் யுபிஎஸ் பெட்டி அலறத் தொடங்கியது. அதைக் கண்காணிக்கும் மென்பொருளோ, 'மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடுகிறேன்' என்று திரையில் அறிவித்தது. தலைக்கு மேல் விளக்கு எரிகிறது, மின்சாரம் இல்லையாம்! முக்கால் மணி நேரம் அலறிவிட்டு, பேட்டரி தீரும் தறுவாயில் சர்வரை அதுவே அணைத்துவிட்டது.

சர்வர் அணைந்தால் என் மனைவி வெர்னாவின் ஜன்னல் அணைந்துவிடும். சிக்கல் இதுதான்.

அன்று மாலையில் பார்த்தபோது கடிகாரம் முன்னே ஓடியிருந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. மீண்டும் திருத்தினேன்.

2024 நவம்பர் 13, புதன்

பெட்டிக்கும் சர்வருக்கும் இடையிலான கம்பியை மாற்றினேன். மென்பொருளைக் களைந்து புதிதாக நிறுவினேன். சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினால் 'பேட்டரி' என்கிறது. செருகினால் 'மின்சாரம்' என்கிறது. பிசகே இல்லை.

அப்படியானால் சனிக்கிழமை ஏன் பொய் சொன்னது? டிவைட்டைக் கேட்டால், 'சாப்ட்வேர் சும்மா குரைக்குது' என்கிறான்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

பிரிட்ஜ்வாட்டரில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்குச் சென்று வெர்னாவைப் பார்த்து வந்தேன். பக்கவாதத்தில் விழுந்த இடது கை இன்னும் எழவில்லை. நாக்கு முன்போலவே கூர்மையாக இருக்கிறது.

அங்கே போக அவள் சம்மதித்தது ஒரே நிபந்தனையின் பேரில். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சொன்னாள்: "வர்றேன் ஆர்டன். ஆனா என் சமையக்கட்டு ஜன்னலும் என்கூட வரணும்." நான் வாக்குக் கொடுத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கேமராவைப் பொருத்தினேன். ஜன்னல், பறவைத் தீனிக் கூண்டு, அதற்கப்பால் கடல் — மூன்றும் நம் சர்வரிலிருந்து அவளது கட்டிலருகே உள்ள திரைக்குச் செல்கின்றன. காலை உணவை அவள் அந்தத் திரையைப் பார்த்தபடிதான் உண்கிறாள்.

"நீல ஜே பறவை ஒண்ணு வந்து மத்த குருவிங்க எல்லாத்தையும் விரட்டுது. நீ என்ன பண்ணிட்டு இருக்கே?" என்றாள் இன்று.

"நான் சரக்கறையில் யுபிஎஸ்ஸோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்."

"முதல்ல அந்த ஜேயோட மல்லுக்கட்டு."

கடையில் விற்கும் கேமராவை வாங்கி மாட்டிவிடலாம் என்கிறாள் கார்லா. அதில் பேட்டரியும் உண்டாம், சிம் கார்டும் உண்டாம். படம் முதலில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கிடங்குக்குப் போய், அங்கிருந்து வெர்னாவுக்கு வருமாம். என் வீட்டு ஜன்னலை என் மனைவிக்குக் காட்ட அந்நியன் ஒருவனின் அனுமதி எதற்கு? முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பிறர் சொத்துக்குக் காவல் இருந்தவன் நான். என் ஜன்னலை எழுதிக் கொடுக்க மாட்டேன்.

2024 நவம்பர் 26, செவ்வாய்

அடுத்த வீட்டு பேசில் கோர்க்கம் வந்து சரக்கறையை எட்டிப் பார்த்தான். "யோவ் ஆர்டன், பொண்டாட்டிக்குக் குருவி காட்டறதுக்கு ராக்கெட் விடற ஏற்பாடு பண்ணி வச்சிருக்கியே!" என்று சிரித்தான். தேநீர் கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை கொடுக்கவில்லை.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வெளிச்சத்தில் நின்றுகொண்டு இருட்டு என்று சாட்சி சொல்லும் மென்பொருளுக்கு அதிகாரம் கூடாது. சர்வரை அணைக்கும் உரிமையை இன்று அதனிடமிருந்து பறித்தேன். இனி அலறலாம், அணைக்க இயலாது.

2024 டிசம்பர் 6, வெள்ளி

காலையிலிருந்து பனியும் காற்றும். பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரை முடுக்கினேன். கடிகாரத்தைத் திருத்தினேன். எதிர்பார்த்தபடியே பெட்டி அலறியது.

கத்து. எவ்வளவு வேணும்னாலும் கத்து. உன் பேச்சை யார் கேக்கப் போறா?

பெட்டியின் மேல் கனத்த போர்வையைப் போட்டு மூடிவிட்டு, உருளைக்கிழங்கும் உப்புக் கருவாடும் வேகவைத்துச் சாப்பிட்டேன். இடையில் பாத்திரம் கழுவியபோது மட்டும் சற்று அடங்கியது. பிறகு மீண்டும் தொடங்கியது. மறுபடியும் ஒருமுறை அடங்கியது. இம்முறை நிரந்தரமாக. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தால் பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கிறது. சர்வர் செத்துக் கிடக்கிறது. தன் வட்டில் தகவலை எழுதிக்கொண்டிருந்தபோதே விழுந்திருக்கிறது. முன்பு அந்த மென்பொருள் ஒழுங்காகவேனும் அணைத்தது. இன்று அணைக்க ஆளில்லை, அந்த ஆளை நீக்கியவன் நான்.

2024 டிசம்பர் 7, சனி

மின்சாரம் வந்துவிட்டது. சர்வர் எழவில்லை. வட்டு கெட்டிருக்கிறது.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

கார்லா அழைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது கோபத்தை விட மோசம்.

"அம்மா நேத்தும் காலைல சாப்பிடல, இன்னிக்கும் சாப்பிடல. தட்டைத் தள்ளி விட்டுட்டாங்க. கருப்புத் திரையையே பாத்துட்டு இருக்காங்க."

"வட்டைச் சரிபண்ணிட்டு இருக்கேன்."

"அப்பா, அம்மாவுக்கு எந்த மெஷின்ல இருந்து படம் வருதுன்னா கவலை? அது உங்க கவலை."

அவள் தொடர்ந்தாள்: "கேமராவை வாங்கிட்டேன். கார்லதான் இருக்கு. அடுத்த தடவை கரண்ட் போறப்ப படம் நின்னுச்சுன்னா வந்து மாட்டிடுவேன். உங்களைக் கேக்க மாட்டேன்."

"நான் கதவைத் திறக்க மாட்டேன்."

"என்கிட்ட சாவி இருக்குப்பா."

சம்மதிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதையும்.

2024 டிசம்பர் 10, செவ்வாய்

நகல் வட்டிலிருந்து அனைத்தையும் மீட்டு, பிற்பகலில் படத்தை மீண்டும் அனுப்பினேன். வெர்னா தொலைபேசியில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "வந்துருச்சு."

மாலையில் சமையலறைக் கடிகாரம் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பின் அதை நான் தொடவே இல்லை. மீண்டும் முன்னே ஓடியிருந்தது. கழற்றிக் குப்பையில் போடலாம் என்று ஸ்டூல் மீது ஏறினேன். ஏறியவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

மற்ற நாட்களில் இது ஒரு நிமிடமும் பிசகியதில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் ஏன் விரைகிறது? இது பழைய செருகுக் கடிகாரம். பேட்டரி கிடையாது. இந்த நாட்டில் கம்பியில் மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பை எண்ணித்தான் இது நேரம் காட்டுகிறது. துடிப்பு கூடினால் கடிகாரமும் ஓடும்.

விளக்குக்குத் துடிப்பைப் பற்றிக் கவலை இல்லை, எது வந்தாலும் எரியும். யுபிஎஸ் அப்படியல்ல. துடிப்பு பிசகிய மின்சாரத்தை அது மின்சாரமாகவே ஏற்காது!

எங்கள் அலுவலகத்தில் எந்தப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். மென்பொருள் ஒரு சாட்சி. கடிகாரம் இன்னொன்று. இருவரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மேல் போர்வையைப் போட்டேன். மற்றவரை ஒவ்வொரு முறையும் நானே திருத்தினேன்.

2024 டிசம்பர் 12, வியாழன்

பேசிலை அழைத்தேன். வீட்டை மின்கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டரில் ஓடவிட்டோம். பெட்டி அலறியது. இம்முறை மென்பொருளின் திரையில் நான் இதுவரை படிக்காத வரியைப் படித்தேன்: துடிப்பு அறுபத்து நான்கு.

"குழாயைத் திற," என்றேன். கிணற்றுப் பம்பு ஓடத் தொடங்கியது. இன்ஜினுக்குச் சுமை ஏறியதும் துடிப்பு அறுபதுக்கு இறங்கியது. பெட்டி அடங்கியது.

"மூடு." மீண்டும் அலறல்.

பேசில் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக விளையாடினான். "அடேங்கப்பா! உன் பெட்டியை அமைதியா வச்சுக்கணும்னா நாள் பூரா பாத்திரம் கழுவணும் போலிருக்கே!"

"வெளியே போய் இன்ஜினைப் பாரு."

பார்த்தான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை யாரோ முடுக்கியிருந்தார்கள். அதன் மேல் தொழிற்சாலையில் பூசிய வண்ணம் விரிசல் விட்டிருந்தது. டிவைட்டை அழைத்தேன்.

"அது நான்தான்," என்றான். "பம்ப் ஸ்டார்ட் ஆகறப்ப திணறுச்சு. அதான் கொஞ்சம் ஏத்தி விட்டேன். இங்க எல்லாருமே அப்படித்தான் பண்ணுவாங்க, ஆர்டன்."

"எல்லாரும் பண்றதைப் பண்ணிட்டு, சாப்ட்வேர் சும்மா குரைக்குதுன்னு என்கிட்ட யார் சொன்னது?"

"கார்லாகிட்ட நானே சொல்லிடறேன்," என்றான். நேர்மையான பையன்தான். அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது.

பேசில் திருகைப் பின்னோக்கித் திருப்பத் திருப்ப, நான் ஜன்னல் வழியே எண்ணை உரக்கப் படித்தேன். அறுபத்து மூன்று. அறுபத்து இரண்டு. அலறல் நின்றது. "போதும்!" குழாயைத் திறந்தோம். பம்பு சற்றே முனகிவிட்டு ஓடியது. துடிப்பு ஐம்பத்தொன்பதுக்குக் கீழே போகவில்லை. பெட்டி வாய் திறக்கவில்லை.

பேசிலுக்குச் சர்க்கரையோடு தேநீர் கொடுத்தேன். சர்வரை அணைக்கும் உரிமை, மேற்படி மென்பொருளுக்கு இன்று முதல் திருப்பி அளிக்கப்பட்டது.

2024 டிசம்பர் 25, புதன்

பராமரிப்பு இல்லத்தில் வான்கோழி விருந்து. கார்லாவின் காரில் பின்னிருக்கையில் கேமராப் பெட்டி அப்படியே இருக்கிறது. பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் பண்டிகை வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம்.

2025 ஜனவரி 9, வியாழன்

உறைபனி மழை. காலை உணவு வேளையில் மின்சாரம் போயிற்று. வேண்டுமென்றே அந்த வேளையைத் தேர்ந்தெடுத்ததுபோல.

பெட்டி அலறியது. உண்மைதான், அலறட்டும். வெளியே போய் ஜெனரேட்டரை முடுக்கினேன். உள்ளே வந்தேன். அமைதி. திரையில்: 'மின்சாரம் உள்ளது'. வீட்டுச் சுமையோடு துடிப்பு அறுபது. நின்றுபோயிருந்த கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, இனி உன் பாடு என்று அதனிடம் சொன்னேன்.

வா, பனியே. இன்னும் வா.

நண்பகலில் எரிபொருள் ஊற்ற ஜெனரேட்டரை நிறுத்தினேன். அந்த இடைவெளியைப் பேட்டரி தாங்கியது. ஊற்றிவிட்டு அப்படியே ஸ்டூலைத் தூக்கிப்போய்க் கூண்டின் பனிக்கட்டியைத் தட்டினேன். சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. வெர்னா.

"ஆர்டன், தொப்பி எங்கே?"

நான் ஜன்னலை நோக்கித் திரும்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் கேமராவின் சிறு விளக்கு.

"படம் தெரியுதா?"

"உன் வழுக்கை தெரியுது. ஐஸ் மேல ஸ்டூலைப் போட்டு நிக்கறது தெரியுது. நீயும் விழுந்துட்டு என் பக்கத்துக் கட்டிலுக்கு வரப் போறியா? எறங்கு!"

இறங்கினேன். பிறகுதான் நினைவுக்கு வந்து கேட்டேன்: "காலைல சாப்பிட்டியா?"

"சாப்பிடாம என்ன? கஞ்சிதான், உப்பே இல்லை. பேச்சை மாத்தாதே."

2025 ஜனவரி 10, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு மின்சாரம் திரும்பியது. படம் ஒருமுறையும் நிற்கவில்லை. எரிபொருள் ஊற்ற நிறுத்திய நிமிடங்களைக் கழித்தால், கடிகாரமும் என் கைக்கடிகாரமும் ஒத்துப்போகின்றன.

கார்லா கேமராவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். எந்தத் தேதியில் என்று கேட்டேன். "இன்னிக்குதான்பா. எழுதிக்கோங்க," என்றாள். எழுதிக்கொண்டேன்.

2025 ஜனவரி 11, சனி

வெர்னாவின் உத்தரவுப்படி, தொப்பி அணிந்து, தரையில் நின்றபடியே, நீண்ட கரண்டியால் கூண்டில் சூரியகாந்தி விதை நிரப்பினேன். நிரப்பி முடித்ததும் ஜன்னலை நோக்கித் தொப்பியைக் கழற்றி வணங்கினேன்.

தொப்பியைத் திரும்ப அணிவதற்குள் தொலைபேசி அடித்தது.