சின்னவள் சுற்றும் பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நலம், கப்பலில் தானும் நலம் என்று அப்பா போன வாரம் சொன்னார், உன்னையும் சேர்த்து நால்வரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதை நீயல்லவா சொல்ல வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நான் போனைக் கையில் எடுத்தால் போதும், சின்னவளுக்கு மூக்கில் வேர்த்துவிடுகிறது, எங்கிருந்தாலும் ஓடி வந்து பிடுங்கிக்கொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. தவிர, கடிதத்தில் நடுவே "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று நீ வைத்துவிட முடியாது பார், அந்த வசதியும் இருக்கிறது.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, குழாய்க்காரர் நாளை வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். பல் டாக்டர் கிளினிக்கில் எனக்கு அதே வேலைதான், பயந்து வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி நாற்காலியில் உட்கார வைப்பதும், டாக்டர் கேட்கும் கருவியை எடுத்துக் கொடுப்பதும். நாள் முழுக்கப் பேச்சுத்தான், ஆனால் வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களோடு பேசுவது ஒரு பேச்சா, நான் சொல்வதற்கெல்லாம் அவர்கள் "ஆ" என்பார்கள், அவ்வளவுதான். ஒன்று சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. காலையில் கிளம்பும்போது ரேடியோவை அணைப்பதே இல்லை. சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். உன் தங்கை பயிற்சி முடிந்து வரும்வரை அந்தக் குரல்தான் எனக்குத் துணை. கரண்ட் பில் வந்தால் உன் அப்பா கப்பலிலிருந்தே குதித்துவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கையின் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு சிக்கல். நீ விட்டுப் போன வித்தை, உனக்குத்தான் புரியும். உன் பழைய கோச் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார், கறாரானவர், ஆனால் நல்லவர், பிள்ளைகள் மேல் அக்கறை உண்டு. அவர் வந்த கையோடு எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகச் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சின்னவள் ஓடி வந்து கை ஊன்றிக் கரணம் போடும்போது இடது கை முதலில் போகிறது. பீம் என்கிற அந்த ஒல்லிக் கட்டையின் மேல் ஒற்றைக்காலில் திரும்பும்போதும் இடப்பக்கம்தான். ஆனால் பின்பல்டி அடித்து அந்தரத்தில் உடம்பைத் திருகும்போது மட்டும் வலப்பக்கம் போகிறாள். கோச் என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் ஒரே பக்கமா இருக்கணும்மா. இப்ப ஒரு சுத்துதான், சமாளிச்சிடறா. நாளைக்கு ரெண்டு சுத்து வரும்போது உடம்பு குழம்பிப்போகும். பத்து வயசுல மாத்திட்டா மாறிடும், இன்னும் ரெண்டு வருஷம் போனா மாறவே மாறாது" என்றார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவருக்கு உதவியாக இருக்கிறாளே, கையைப் பிடித்து இறக்கிவிடுகிற பெண், அவள் வெளியே வந்து மெல்ல, "அக்கா, எல்லாருக்கும் அப்படி இல்ல. இடது கை முதல்ல ஊனும்போது இடது தோள்தான முன்னால போகுது? வலப்பக்கம் திருகினாலும் அதே தோள்தான் முன்னால வரும். பாக்கத்தான் வேற, உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறாள். வீட்டுக்கு வந்து சின்னவளின் பழைய துணிப்பொம்மையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துத் திருகித் திருகிப் பார்த்தேன். நிமிர்ந்திருக்கும்போது இடதாக இருந்தது தலைகீழானதும் எங்கே போகிறது என்று எனக்குத் தலை சுற்றியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. பொம்மையின் ஒரு கை மட்டும் தையல் விட்டுப்போனது. அப்பாவிடம் கேட்டால், "எந்தப் பக்கம் சுத்தினா என்ன, கால் ஊனி நின்னாச் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கப்பல்காரருக்கு எல்லாம் கரை சேர்ந்தால் சரி.

இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், கோச் மாற்றச் சொல்லி மூன்று வாரமாக முயற்சி நடக்கிறது. சின்னவள் கோச் எதிரில் இடப்பக்கம் திருகுகிறாள், அவர் முகத்தைத் திருப்பினால் வலப்பக்கம். போன புதன்கிழமை அந்தரத்தில் எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாமல் போய், பாதியில் உடம்பு விட்டுப்போய், பக்கவாட்டில் விழுந்தாள். பயப்படாதே, ஸ்பாஞ்ச் குழியில்தான் விழுந்தாள், தோளில் சிராய்ப்பு மட்டும். ஆனால் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்திருந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது. நான் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோச் அன்று என்னிடம், "எந்தப் பக்கம்னாலும் நான் ஒத்துக்கறேன்மா. வலதுதான்னா வலதையே பலப்படுத்தலாம், கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். ஆனா மனசு ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம்னு அந்தரத்துல போகக் கூடாது. அதுலதான் கழுத்து போகும். அவகிட்டப் பேசி ஒரு முடிவு சொல்லுங்க, அதுவரைக்கும் பல்டியே வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவளிடம் பேசினால் பிடித்த பிடியில் நிற்கிறாள். அப்பா பிள்ளை, வேறென்ன சொல்ல. கெஞ்சியும் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன், கடைசியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "நான் அக்காகிட்டக் கத்துக்கிட்டது அது. அதை மாத்த மாட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ எங்கே அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய், நீ ஊரைவிட்டுப் போனபோது அவளுக்கு நாலு வயது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கற்றுக்கொடுத்தாயாம். நினைவிருக்கிறதா, முதல் இரண்டு வருஷம் நீ வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசுவாய், உன் அறையில் துள்ளித் துள்ளித் திரும்பிக் காட்டுவாய், இவள் இங்கே போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு அப்படியே செய்வாள். நான் அதை விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் "வலது மேல் பல்" என்றதும் என் கை பழைய வழக்கம்போல இடப்பக்கம் போயிற்று. எதிரே இருப்பவரின் வலது நமக்கு இடது அல்லவா, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதனாலேயே எத்தனை திட்டு வாங்கியிருப்பேன். சட்டென்று பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய போனைத் தேடி எடுத்து நீ போட்டியில் ஆடிய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நினைத்தது சரிதான். நீ இடப்பக்கம் சுற்றுகிறவள். நீ போனில் எதிரே நின்று இடப்பக்கம் திரும்பும்போது எங்கள் அலமாரி இருக்கும் பக்கம் திரும்புவது போலத் தெரிந்திருக்கும், இவளும் அலமாரிப் பக்கம் திரும்பியிருக்கிறாள், அது இவளுக்கு வலப்பக்கம். பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருந்தால் வந்திருக்காத தப்பு. எனக்கு வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் வந்தது, சிக்கல் தீர்ந்ததே என்று. அக்காவும் இடதுதான் என்று சொன்னால் ஒரே நாளில் மாறிவிடுவாளே.

சாப்பிட்டு முடித்து அவள் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தா பார், உன் அக்கா எந்தப் பக்கம் சுற்றுகிறாள் பார் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்மா" என்றாள். எப்போது தெரியும் என்றேன். "ரொம்ப நாளா தெரியும். அக்கா இடது, நான் வலது. ஆனா போன்ல பாக்கும்போது ரெண்டு பேரும் ஒரே பக்கம் சேந்து போவோம். நான் இடதுக்கு மாத்திட்டேன்னா அக்கா அந்தப் பக்கம் போவா, நான் இந்தப் பக்கம் போவேன்" என்றாள். சொல்லிவிட்டுக் காலை மாற்றி நீட்டிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் அந்தக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

கண்ணு, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு வேலை இருக்கிறது, இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறாய், அதுவும் ரோட்டில் நடந்துகொண்டே, உன் முகமும் பின்னால் ஓடும் கட்டடங்களும்தான் தெரிகின்றன. எனக்கு அது போதும், முகம் தெரிந்தால் நீ இளைத்திருக்கிறாயா என்று பார்த்துக்கொள்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் கவுனுக்குள்ளே பயிற்சி உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பல வாரமாகப் பார்க்கிறேன், எதற்குடி இது என்று அதட்டியும் இருக்கிறேன். நீ கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்பதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் ரேடியோவை ஓடவிட்டு ஆறுதல் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கோச்சிடம் இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியாது. கோச் சொல்வது போல மாற்றுவது நல்லதா, அந்தப் பெண் சொல்வது போல வலதையே வைத்துக்கொள்வது நல்லதா, அதை விஷயம் தெரிந்த நீயும் கோச்சும் சின்னவளும் பேசி முடிவு செய்யுங்கள், நான் தலையிட மாட்டேன். ஆனால் அந்தரத்தில் தலைகீழாக இருக்கும் ஒரு பிள்ளை அந்த நேரத்தில் தன் உடம்பை மட்டும்தான் நினைக்க வேண்டும், அக்காவை நினைக்கக் கூடாது. அதை நானோ கோச்சோ சொன்னால் அவள் கேட்க மாட்டாள். லீவு கிடைத்தால் நேரில் வா. கிடைக்காவிட்டால் வருகிற ஞாயிறு வீட்டில் இருந்து கூப்பிடு, அவளை எதிரே நிற்கவைத்து, நீ எந்தப் பக்கம் போனாலும் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று உன் வாயால் ஒருமுறை சொல். சொன்னால் மட்டும் போதாது, அவள் சுற்றி முடித்துத் திரும்பும்போது நீ திரையில் இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி, நாலு பேர் சூழ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. இந்தக் கடிதம் வந்ததைச் சின்னவளிடம் சொல்லிவிடாதே, நீயாகக் கூப்பிட்டாய் என்றே அவள் நினைக்கட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா