வளையம் பற்றவைத்த பறவைக் காசு

பெருமதிப்பிற்குரிய நங்கை அவர்களுக்கு, தங்கள் தம்பியின் மனைவி வணங்கி எழுதுவது. தாங்கள் காலமாகி ஓராண்டு கழிந்த பின்னரே இம்மடலை எழுத வாய்த்தது, தாமதத்தைப் பொறுத்தருள்க. மகளின் திருமண வேலைகளில் உடலும் மனமும் ஓய்ந்துவிட்டன.

இன்று காலை பூந்திக்கொட்டை ஊறிய நீரில் தங்கள் பொற்காசைக் கழுவினேன். நுரைக்குள்ளிருந்து காசில் பொறித்த டோடோ தலை நீட்டியது. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்து, அங்கேயே அற்றுப்போன பறவை. அத்தீவின் தையல் ஆலையில் உழைத்த கூலியில் தாங்கள் வாங்கிய ஒரே பொன் அது. மைசூர் திரும்பிய அன்று அதை என் உள்ளங்கையில் வைத்து, "மூக்கைப் பாரு புள்ளை, அப்படியே என்ற தம்பி" என்றீர்கள். அவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

வாங்கியபோது அது முத்திரையிட்ட உறைக்குள் இருந்ததாம். தாங்கள் உறையைப் பிரித்தெறிந்து, காசில் வளையம் பற்றவைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து அணிந்துகொண்டீர்கள். "ஒடம்புல படாத பொன்னு என்னத்துக்கு?" என்பது தங்கள் வாதம். நோயில் கிடந்தபோது அக்கயிற்றைக் கழற்றி என் கழுத்தில் மாட்டியவரும் தாங்களே.

மகளின் வளையல்களுக்குப் பொன் போதவில்லை. ஆதலால் அசோகா ரோட்டில், அரிய நாணயங்கள் வாங்கும் கடைக்காரர் ஒருவரிடம் காசைக் காட்டினேன். உறையோடு இருந்திருந்தால் சேகரிப்போர் கொண்டாடியிருப்பார்களாம். வளையம் வைத்ததால் இனி உருக்கத்தான் ஆகுமாம். வளையல் செய்யும் ஆசாரியும் அதையே சொல்கிறார். மகளோ, "பேடம்மா, அது அத்தை போட்டிருந்தது" என்று கன்னடமும் தமிழுமாய்த் தடுக்கிறாள். வெறுங்கையோடு அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அற்றுப்போன பறவையை என் கையால் மறுபடியும் அழிக்கவும் மனமில்லை.

எவரிடமும் பாடம் கேளாது நானே கற்ற தமிழில் தீவுக்கு மடல் எழுதிய நாளில், "உன்ற கடுதாசியப் படிக்க வக்கீல் வெக்கோணும்" என்று கேலி செய்தவர் தாங்கள். ஆகவே எளிதாகவே கேட்கிறேன். உருக்கட்டுமா, வேண்டாமா?

வெள்ளிக்கிழமை மாரியம்மன் சன்னிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்து வைத்து வாக்குக் கேட்கப் போகிறேன். வெள்ளை வந்தால் உருக்கத் தங்கள் சம்மதம் என்று கொள்வேன். அதுவரை காசு என் கழுத்தில்தான், உடம்புச் சூட்டோடு.

ஆசாரி சனிக்கிழமை வருகிறார். விரைந்து பதில் தாருங்கள்.