காமிராவுக்கு வைத்த பொட்டு

அண்ணா, இன்று காலை எங்கள் பட்டறையில் சந்தனம் கரைக்கும் வாசனை வந்ததும் கண் உங்களைத்தான் தேடியது. புது மெஷினுக்குப் பூஜை. நீங்கள் இல்லை என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கள்ளக்குறிச்சி ரைஸ்மில்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அவர்களைச் சேர்த்து, நான் பாடம் நடத்தும் கல்லூரியோடு கூட்டுப் பட்டறை போட்டு, கறுத்துப்போன அரிசியைக் காமிராவால் கண்டுபிடித்துத் தள்ளும் மெஷினை இங்கேயே செய்யலாம் என்றீர்கள். மில் முதலாளிக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

“பசங்க படிச்சிட்டு உளுந்தூர்பேட்டைல பஸ் ஏறி மெட்ராஸுக்கே போய்க்கினு இருந்தா எப்பிடி மேடம்? வேல இங்க வரட்டும்.”

வெள்ளோட்டத்தன்று உங்கள் மில் கேட்டைப் போட்டிக்காரர்களுக்கு முதல் தடவையாகத் திறந்தீர்கள். மெஷின் நன்றாக ஓடினால் எல்லோரும் சேர்வார்கள்; இல்லையென்றால் பட்டறைப் பேச்சே கிடையாது. பூஜை முடித்து நீங்களே மூடியைப் பூட்டினீர்கள். நாங்கள் சுவிட்சைப் போட்டோம். வெள்ளை வெளேரென்ற அரிசி மொத்தமும் கழிவுத் தொட்டியில் போய்க் கொட்டியது.

“இன்னா மேடம், ஒரு அரிசியும் இதுக்குப் புடிக்கலயா?” என்றார் தியாகதுருகம் மில்காரர்.

மாணவி ஒருத்தி மூடியைக் கழற்றிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். காமிராக் கண்ணாடியின் நட்ட நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அதற்குத் தெரிந்த அரிசியெல்லாம் சிவப்பு.

“கண்ணாச்சே, அதுக்கும் ஒரு பொட்டு இருக்கட்டும்னு வெச்சேன்” என்றீர்கள், பள்ளிப் பிள்ளை மாதிரி.

தியாகதுருகத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நானா இருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன்” என்று தன் துண்டாலேயே கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி ஓட்டினோம். நல்ல அரிசி நல்ல பக்கம் விழுந்தது. அவர் உங்கள் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார், நீங்கள் தடுக்கவில்லை. “என்னையும் சேத்துக்கோ” என்றார். மற்றவர்களும் வந்தார்கள். அன்று உங்கள் மில்லில் சாப்பிட்ட கேசரி போல எங்கும் சாப்பிட்டதில்லை.

இன்றைய மெஷின் கல்வராயன் மலைச் சாமைக்கு. செய்தவள் மலைமேல் பிறந்த பெண்; மெட்ராஸ் பஸ் ஏறாதவள்.

நாங்கள் செய்யும் எல்லா மெஷினிலும் காமிராவுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு சின்னத் தகடு இருக்கும். வரைபடத்தில் அதன் பெயர் பொட்டுத் தகடு. வாங்க வருபவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாமல் மெஷின் ஓடாது என்பேன்.

இன்று அதில் பொட்டு வைத்தது நான்தான், அண்ணா. சாமை சரியாக விழுந்தது.