புள்ளிக் கெண்டைக்கு ஓர் உபயம்

ஆடி 27, செவ்வாய்

புழுக்கம். காலையில் இரண்டு தடவை கரண்ட் கட். மாடித் தொட்டிகளில் காற்று மோட்டார் நின்று, புள்ளிக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பேட்டரி செத்துவிட்டது. மோட்டார் ரிப்பேர் சலீம் பாய் உதட்டைப் பிதுக்கினார். "இது இனிமே தாங்காது மேடம். புச்சுதான் வாங்கணும்."

எதை வைத்து? கல்லூரியில் தற்காலிக வேலை. அழிந்துவரும் இந்த மீனை வளர்க்க வந்த நிதியும் நின்றாயிற்று. போனில் நிதி கொடுத்துவந்த அதிகாரி: "புலி, யானைன்னா யாராச்சும் குடுப்பாங்க மேடம். விரல் நீள மீனுக்கு யாரு குடுப்பா?" வைத்துவிட்டு அழுதேன். கோபத்தில்தான்.

ஆடி 29, வியாழன்

உதவி கேட்டு அம்மையார்குப்பம் போனேன். தறி முதலாளி முனிரத்தினம் வீடு. அவர்கள் மச்சக்காவடி எடுக்கிறவர்கள். கிருத்திகைக்குக் குடத்தில் உயிர்மீன் கொண்டுபோய் முருகனிடம் காட்டிவிட்டு நீரில் விடுவார்களாம். இந்த வருஷம் பேரன் பிழைத்ததற்கு வேண்டுதல்.

"உங்க மீனையே விடறேன் மேடம். வருசத்துக்கும் செலவு என்னோடது."

கோயில் மலைக்குப் பின்னால் ஊற்றுக்குட்டையில் விடலாம் என்றேன். அதுதான் இவற்றின் சொந்த இடம். அங்கே இவற்றின் முட்டையைத் தின்று பெருகிக் கிடந்த ஜிலேபி மீன்களைக் கோடை முழுக்க நானும் பாயும் வலை போட்டு எடுத்திருக்கிறோம். திரும்பும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆடி 31, சனி. கிருத்திகை

ஊர் முழுக்க மஞ்சள் துணி, அரோகரா. தேறிய மீன்களை எல்லாம் முனிரத்தினத்திடம் கொடுத்தேன். நோஞ்சான்கள் மட்டும் மாடியில். மலை இறங்கி நேரே குட்டைக்கு வந்தார்கள். குடத்தைச் சாய்த்தார். ஒவ்வொன்றாகப் பாசிக்குள் நுழைந்து மறைந்தன. என் ஆயுசில் இப்படி ஒரு நிம்மதி இல்லை.

பிறகு ஒரு மினி லாரி. இரண்டு டிரம். ஆப்பிரிக்கக் கெளுத்தி!

"ஐயா, நிறுத்துங்க!" கத்தினேன். மேளச் சத்தம். கவிழ்த்துவிட்டார்கள்.

"இன்னா மேடம், உங்க மீனு ஒரு கொடம்தான் இருந்துச்சு. சாமி காரியம், கொறையா இருக்கலாமா? அதான் சொல்லி வச்சு எடுத்துனு வந்தேன்."

"இது அதைத் தின்னுடும் ஐயா."

"முருகன் பாத்துக்குவான். பயப்படாதீங்க."

கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆவணி 1, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வலை. கெளுத்தி, கெளுத்தி, கெளுத்தி. பாய் ஒன்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே நம்முடையவை. புள்ளிகூட அழியவில்லை.

"அந்தாள நல்லா நாலு கேளுங்க மேடம்."

கேட்டால் பணம் நிற்கும். மாடியில் இருக்கிறவையும் போகும். பாய்க்கும் அது தெரியும். வலையைச் சுருட்டினார்.



ஆவணி 3, செவ்வாய்

தூறல். புதுப் பேட்டரி வந்தது, முனிரத்தினம் உபயம். கல்லூரியில் மூன்று வகுப்பு. என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் அவரே போன். "பேரன் நல்லா கீறான் மேடம். மீனு வுட்ட நேரம்! எங்க வூட்ல எல்லாருக்கும் சந்தோசம்." பின்னால் குழந்தையின் சிரிப்பு கேட்டது. "தைக் கிருத்திகைக்கும் வுட்டுடலாமா? இதைவிடப் பெருசா?"

தொட்டியில் மிச்சமிருக்கும் நோஞ்சான்களைப் பார்த்தேன்.

"ஆங், விட்டுடலாம் ஐயா" என்றேன்.