மேல் நிலையத்தில் ஆளில்லை

ஜனவரி 14

இன்றைக்கும் கேக் வந்தது. பக்கத்து வீட்டு எர்னா கொண்டுவந்தாள். என் காலைப் பார்த்து "ஐயோ" என்றாள், பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள். "முதுகுப்பையைக் கழட்டாமத்தானே லிஃப்ட்ல ஏறினே, புர்கி?"

ஆமாம், கம்பிவடத்தில் தொங்கியபடி மலைமேல் ஏற்றிவிடும் அந்த நாற்காலி லிஃப்டில் பையைக் கழற்றாமல்தான் ஏறினேன். பனிச்சறுக்கு வகுப்பில் பிள்ளைகளிடம் தினமும் கத்துகிறவள் நான்: பையைக் கழற்றி மடியில் வை, தொங்கும் வாரை உள்ளே செருகு, அறிவிப்புப் பலகை வரும்வரை பாதுகாப்புக் கம்பியைத் தூக்காதே. உபதேசம் எல்லாம் அவர்களுக்கு. மேலே இறங்கும்போது பையின் வார் நாற்காலியில் மாட்டிக்கொண்டது. நாற்காலி என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பியது. "வெண்டலின், நிறுத்து!" என்று கத்தினேன். நிற்கவில்லை. வார் அறுந்து பாறைமேல் விழுந்தேன். தொடை எலும்பு நொறுங்கிப்போனது.

மேல் நிலையத்தில், நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய வெண்டலின் ஏன் அங்கே இல்லை என்று மட்டும் எர்னா கேட்கவில்லை.

ஜனவரி 17

கேட்பானேன்? ஊருக்கே தெரியும். வெண்டலின் தொழுவத்தில் இருந்தான். லிஃப்ட் தூண்கள் நிற்பது எங்கள் ஊர் விவசாயிகளின் நிலத்தில். நிலம் கொடுத்த வீட்டுக்கு லிஃப்டில் வேலை. அவன் வீடோ மேல் நிலையத்துக்குக் கூப்பிடு தூரம். பசு கன்று போடும் நேரமென்றால் ஓர் எட்டுப் போய்விட்டு வருவான். "மாடு என்ன, லிஃப்ட் மூடுற நேரம் பாத்தா கன்னு போடும்?" என்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

வெண்டலின் என் கணவன் காசியனின் அண்ணன். நான் படுத்துக்கிடப்பது அவர்கள் அம்மா வீட்டு மாடியில். செங்குத்தான மரப்படி, கீழே இறங்க யாராவது தூக்க வேண்டும். தூக்க வேண்டிய காசியன் அதே லிஃப்ட் கம்பெனியில் பனியைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜனவரி 18

வலி. தூக்கமில்லை. கூரையில் எண்ணுவதற்குக்கூட ஒன்றுமில்லை.

ஜனவரி 22

போலீஸ்காரர் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தன்மையாகப் பேசினார். "அவர் உங்க வீட்டுக்காரரோட அண்ணன். நெருங்கின சொந்தத்துக்கு எதிரா நீங்க சாட்சி சொல்லியே ஆகணும்னு சட்டத்துல இல்ல. யோசிச்சு ஃபோன் பண்ணுங்க."

கீழே மாமியார் ரோஸ்விதா பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பேசாமல் இருந்தால்? மேல் நிலைய அறையில் ஆள் இருந்தான், குற்றம் முழுக்கப் பையின்மேல் என்று கம்பெனி வக்கீல் சாதிக்கிறார். நஷ்ட ஈடு கிடையாது. இனி பனிச்சறுக்கு கற்றுத்தர முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பேசினால்? வெண்டலின்மேல் வழக்கு, வேலையும் போகும்.

"பாதி என் தப்பு, பாதி அவன் தப்பு" என்றேன் காசியனிடம்.

"கேஸு பாதி ஆளு மேல போட மாட்டாங்க, புர்கி."

ஜனவரி 25

ரோஸ்விதா சூப்பில் போட்ட ரொட்டி உருண்டையோடு வந்தாள். "ரெண்டையும் நான்தான் பெத்தேன். சின்னவனுக்கு வாக்கப்பட்டு வந்துட்டுப் பெரியவன் தலையில கல்லைப் போடாதே." எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. சூப் ருசியாக இருந்தது. கிண்ணம் முழுவதையும் குடித்தேன்.

பிப்ரவரி 3

பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். வெண்டலின் மேலே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "இனிமே அந்த ரூமை விட்டு நகர மாட்டேன், சத்தியமா." வீடே மூச்சு விட்டது. எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

பிப்ரவரி 11



பொழுது போகாமல் காசியனின் பைனாகுலரை எடுத்தேன். ஜன்னல் வழியே மேல் நிலையம் நன்றாகத் தெரிந்தது. அறை காலி. வெண்டலின் வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், நிதானமாக. நாற்காலிகளில் ஆரஞ்சு மேலங்கிகள் — என் வகுப்புப் பிள்ளைகள். கடைசிப் பெண் முதுகில் பை!

கத்தினேன். யாருக்குக் கேட்கும்? எழப்பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்தேன். அந்தப் பெண் இறங்கிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒண்ணும் ஆகல, அதனாலதானே நாளைக்கும் போவான்! என் கால் போனதுகூட அவனுக்கு உறைக்கலையா?

ரோஸ்விதா ஓடிவந்து தூக்கினாள். "அந்த ஃபோனை எடுத்துக் கொடுங்கம்மா" என்றேன். போலீஸ்காரருக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 12

கேக் இல்லை.

மே 20

கோர்ட். எல்லாவற்றையும் சொன்னேன், பையைக் கழற்றாததையும் சேர்த்து. வெண்டலினுக்கு அபராதம், வேலை ஏற்கெனவே போய்விட்டது. கம்பெனி இறங்கி வந்தது: என் தவறுக்கு ஒரு பங்கு கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். நியாயம்தான். அடுத்த குளிர்காலம் முதல் மேல் அறையில் இரண்டு பேர் இருப்பார்களாம்.

காசியன் அண்ணன் பக்கம் உட்கார்ந்திருந்தான். வெளியே வெண்டலின் என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "அன்னிக்கு நான் போயும் கன்னு பிழைக்கல" என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 2

பள்ளத்தாக்கு ஊரில் ஒரே ஓர் அறை, தரைத்தளம். வாசலில் படி கிடையாது. காசியன் என் பெட்டிகளை இறக்கினான், கட்டிலைப் பொருத்தினான், பல்பு மாட்டினான். "உன் பெட்டி?" என்றேன்.

"அம்மா தனியா இருக்காங்க, புர்கி. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் கேட்கவில்லை. வண்டி போன பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை தனியாக நடந்துவிட்டு வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. நன்றாக இருந்தது. அதற்காகவும் அழுதேன்.