தீர்த்தமென்று குடித்தார்கள்

நேற்று ரோஜாச் செடிக்கு வேப்பம்புண்ணாக்கு வாங்க உரக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற நிலக்கடலை விவசாயி, "மல்லாட்டை எல எல்லாம் மஞ்சளாப் போச்சுங்க, அன்னபேதி குடுங்க" என்றார். கடைக்காரர் வெளிறிய பச்சைக் கற்களாக இருந்த அந்த இரும்பு உப்பை அள்ளித் தராசில் கொட்டினார். அந்தத் துரு வாசனை மூக்கில் ஏறியது. புண்ணாக்கு வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதையெல்லாம் வேறு யாரிடம் பேச ஆரம்பித்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சை மாற்றுகிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எண்பத்தொன்பதில் நாம் இருவரும் அந்தக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தபோது, நீ தினமும் உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவாய். அதற்கு ஆசிரியர் அறையில் போட்டியே நடக்கும். "எங்க ஊட்டுக் கிணறுடி. மலை மேல பெய்யற மழையெல்லாம் எங்களுக்குத்தான்" என்று அலட்டிக்கொள்வாய். நீ வாழ்க்கைப்பட்ட ஊரில் பெருமைப்பட வேறு எதுவும் இல்லை என்று நான் கேலி செய்வேன். நீயும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வாய்.

பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறியது. கிரிவலம் வந்தவர்கள் புண்ணியத்தைக் கொண்டுபோய்விட்டு மிச்சத்தை இங்கே போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மிச்சத்தை அள்ளும் வேலையை எடுத்த காண்ட்ராக்டர், உங்கள் ஊருக்கு மேட்டுப் பக்கமாகக் கொட்டினார். சில வருஷத்தில் அது ஒரு குன்றாகிவிட்டது. நீ பாட்டில் கொண்டுவருவதை நிறுத்தினாய். ஏன் என்று கேட்டதற்கு, "நாறுதுடி" என்று மட்டும் சொன்னாய்.

ஐப்பசி மழையில் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? ஊறிப்போன இலைகள், பிரசாதத் தொன்னைகள், ஒற்றைச் செருப்புகள், மொட்டையடித்த முடி மூட்டை மூட்டையாக, உப்பிக் கிடந்த ஒரு நாய். எல்லாம் சேர்ந்து அழுகி, அடியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு வடிந்தது. டிகாஷன் மாதிரி கெட்டியாக இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டும் வாந்தி எடுத்தேன். நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டிலில் பிடித்தாய். "எடுத்துட்டியா? சரி, இப்ப பாரு. இதான் எங்க கிணத்துக்கு எறங்குது" என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் மாமியாரும் உன் பிள்ளைகளும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் அதற்கு என்னென்னவோ போட்டுப் பார்த்தாய். கடைசியில் வழிக்கு வந்தது அன்னபேதிதான். முதலில் கொஞ்சம் அமிலம், பிறகு அன்னபேதி, அதன் மேல் ஆஸ்பத்திரியில் புண் கழுவ ஊற்றுவார்களே, அந்தப் பெராக்சைடு. குபுகுபுவென்று நுரைத்தது. அழுகலைத் தண்ணீருக்குள்ளேயே எரிப்பது மாதிரி என்று வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கினாய். பிறகு சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதும் செங்காவிச் சேறு அடியில் இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் பளிங்காக இருந்தது. நான் கைதட்டினேன். நீ தட்டவில்லை.

"நெறம் போச்சு, அழுகல் ஜாஸ்தி போச்சு. உப்பு போவல, அம்மோனியா போவல. இது பாதி வேலைதான்" என்றாய். மீதிப் பாதிக்கு இன்னும் இரண்டு தொட்டிகள் வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் போய் நின்றாய். அவர் முதல் தொட்டியைக் கட்டினார். மற்றதைத் திறப்பு விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நீயும் நம்பினாய்.

அந்த விழாவை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. தென்னங்கீற்றுப் பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். குப்பைமேட்டு நாற்றத்தை மறைக்கக் கட்டுக்கட்டாக ஊதுவத்தி. மேஜை மேல் இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒன்றில் கறுப்பு, ஒன்றில் தெளிவு. பூஜைக்கு வந்த குருக்கள் தண்ணீர் கேட்டார். யாரோ ஒருவர் கைக்கு எட்டிய தெளிந்த குடுவையை எடுத்து அவர் சொம்பில் ஊற்றிவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? துளசியைப் போட்டு, மந்திரம் சொல்லி, உத்தரணியால் மொண்டு நீட்டினார்.

நம் ஊரில் உத்தரணியைக் கண்டால் கை தானாகக் குழியும். என்ன தண்ணீர், எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்? காண்ட்ராக்டர் வாங்கி உறிஞ்சி மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். சிறப்பு விருந்தினர் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். பந்தலின் கடைசியில் நின்ற நீ அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாய்.

"ஐயோ, குடிக்காதீங்க! அது குப்பைத் தண்ணி!"

நாதஸ்வரம் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காண்ட்ராக்டர் நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னாம்மா, சாமி தீர்த்தத்தப் போயி இப்பிடிச் சொல்றீங்க? நல்லாத்தான கீது" என்றார். விருந்தினர் உடனே தலையாட்டினார். உன் பெரிய மாமனார் உன்னைப் பார்த்து, "வாய மூடிக்கினு போ" என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் உன் கிணறு போயிற்று. குப்பைச் சாற்றை வாய்நிறையக் குடித்துவிட்டோம் என்று அவர்களில் எவர் ஒப்புக்கொள்வார்? அது தீர்த்தமாகத்தான் இருந்தாக வேண்டும். தீர்த்தத்துக்கு எதற்கு இன்னும் இரண்டு தொட்டி? பெராக்சைடைக் கம்மி பண்ணினார்கள், சுண்ணாம்பு நின்றது, கடைசியில் அன்னபேதியும் நின்றது. வடிந்த தண்ணீரை நேராக உங்கள் கிணற்றை ஒட்டிய ஓடையில் திருப்பிவிட்டார்கள். நீ எங்கே வாயைத் திறந்தாலும், "நாங்களே குடிச்சோம், எங்களுக்கு இன்னா ஆச்சு?" என்பார்கள். வெட்கம் கெட்ட ஜன்மங்கள். செத்தவளுக்கு எழுதும்போது இப்படித் திட்டலாமா என்று கேட்காதே. திட்டத்தான் செய்வேன்.

நீ விடவில்லை. மாதாமாதம் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாய், மனு எழுதினாய், அலுவலகம் அலுவலகமாக ஏறினாய். "கிணத்த மூடிட்டு டவுனுக்கு வந்துடேன்" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "மூடிட்டா அவனுங்க ஜெயிச்சானுங்க" என்றாய். அப்போதே உனக்கு முடி நரைத்திருந்தது.

மாரடைப்பு என்று போன் வந்து நான் ஓடி வந்தபோது உன்னை வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் குடத்தோடு கிணற்றடிக்குப் போனார்கள். வாளி மேலே வந்ததும் அந்த நாற்றம் எனக்கு எட்டியது. குறுக்கே போய் நின்று, "இந்தத் தண்ணி அவ மேல படக்கூடாது" என்றேன்.

உன் பெரிய மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊட்டுக் கிணத்துத் தண்ணிதான் ஊத்தணும். கடைத் தண்ணியிலயா பொணத்தக் குளிப்பாட்டுவாங்க?"

"ஊத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய் குடிங்க, பெரியப்பா. தீர்த்தம்தான?" என்றேன்.

அவர் வாளியைப் பார்த்தார். மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தன் மகனைக் கூப்பிட்டு, "கேன் தண்ணி எடுத்தாடா" என்றார், அவ்வளவுதான்.

நீ இத்தனை வருஷம் கேட்டது அந்த ஒரு முகச்சுளிப்பைத்தான். அதைப் பார்க்க நீ கண் திறந்திருக்கவில்லை. உனக்காக நான் பார்த்தேன். கேன் தண்ணீரில் நானே உன் தலையைக் கழுவிவிட்டேன். உன்னை நினைத்தால் மற்றவர்களுக்கு அழுகை வருகிறது. எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வருகிறது. அது போகாமல் இருக்கட்டும்.