சங்கிலிக் கேட்டும் பேசும் பெட்டியும்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வேனுக்கு வைப்பர் ரப்பர் வாங்க வேண்டும். மாவு, சீனி, பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் போட்டுப்போகக் கறுப்புச் சப்பாத்து.

இவர் வந்து ஒன்பது நாள். கத்தாரிலிருந்து கொண்டுவந்த சோப்பு, சொக்லேட் எல்லாம் ஊருக்குப் பங்கு போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு பெட்டி. உள்ளங்கை அளவு. வேன் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் படம் காட்டி வழி சொல்லும். அங்கே கம்பனி வண்டியில் ஆறு வருஷமும் இதை வைத்துத்தான் ஓட்டினாராம்.

"இது இருந்தா யாருக்கிட்டயும் ஒன்னும் கேக்கத் தேவையில்ல புவனா."

யாரிடமும் என்றால் என்னிடமும்.

பெட்டிக்குள் ஒருத்தி இங்கிலீஷ் பேசுகிறாள். பொகவந்தலாவ என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. பாதியில் விழுங்கிவிடுகிறாள். இவர் அதையும் ரசித்துக் கேட்கிறார். நான் பேசும்போது ரேடியோச் சத்தத்தைக் குறைக்கக்கூட மாட்டார்.

ஜூன் 4, புதன்

வேன் சாவியை வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை. ஆணியில் தொங்கியதை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஆறு வருசம் ஒழச்சது போதும். இனி நீ வீட்டப் பாரு."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இந்த ஆறு வருஷத்தில் நான் ஏற்றிய ஆட்கள்: செவ்வாய்க்கிழமை கிளினிக் பெண்கள். மூன்று டீச்சர்மார். பிரசவ வலியோடு நால்வர், அதில் ஒருத்தி ஹட்டன் போகுமுன்பே பெற்றுவிட்டாள். நானுஓயா ரயிலுக்கு எத்தனை பேர் என்று கணக்கில்லை. பொம்பளை ஓட்டுகிறாள் என்று முதலில் ஏறத் தயங்கியவர்கள் பிறகு நான்தான் வேண்டும் என்றார்கள்.

இன்று நான் இடது பக்க சீட்டில். மூக்குக்கு முன்னால் பெட்டி. "அந்த வளைவுல ஹோன் அடிங்க, பால் லொறி வர்ற நேரம்" என்றேன். கேட்கவில்லை. பெட்டிக்காரி எண்ணூறு மீட்டர் நேராகப் போகச் சொன்னாளாம். இந்த மலையில் எண்ணூறு மீட்டர் நேரான ரோடு எங்கே இருக்கிறது. எனக்கு யாராவது காட்டினால் அங்கேயே ஒரு கடை போடுவேன்.

பால் லொறி வந்தது. இடது பக்கக் கண்ணாடி மண்ணணையில் உரசி உடைந்தது.

ஜூன் 7, சனி

மழை குறைவு. குளிர் கூட. துணி காயவில்லை.

மூதேவிப் பெட்டி இந்த வாரம் செய்தது:

- டீச்சர் வீட்டுக்கு என்று போட்டால் தேயிலை ஃபெக்டரி வாசலில் கொண்டுபோய் விட்டாள்.
- பைன் மரக் காட்டுக்குள் போனதும் ஊமை. காட்டைத் தாண்டி வந்ததும், திரும்பிப் போ என்கிறாள்.
- கீழ்ப்பிரிவு லயத்து வீடுகளுக்குக் கல்யாண ஆட்களை ஏற்றி ஒரு ஹயர். நடுத்தேயிலையில் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றாள். சுற்றிலும் தேயிலை. லயம் இன்னும் இரண்டு மைல். அவள் படத்தில் லயமே இல்லை. வெறும் பச்சை. இருநூறு குடும்பம் இருக்கிற இடம்.

கல்யாண வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து முறைத்தார், நான் சிரிக்கவே இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்கும்போது காதில் விழுந்தது: "அண்ணன் அந்த அக்காவ எறக்கிட்டு வேற அக்காவ ஏத்திட்டாருடா." நானும் சிரித்திருக்க வேண்டியது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

மாலையில் இவர் கிணற்றடியில் நின்று கத்தார் கூட்டாளியோடு போனில். "ஆறு வருசத்துல ரோடெல்லாம் மாறிப்போச்சி மச்சான். சொந்த ஊருல நின்னு வழி கேட்டா சிரிப்பானுங்க." அரை நிமிஷம் பாவமாக இருந்தது. உள்ளே வந்து, பிளேன்டீயில் சீனி குறைவு என்றார். பாவம் போய்விட்டது.

ஜூன் 8, ஞாயிறு

செல்லம்மாக்கா வந்தார். கீழ்ப்பிரிவில் கொழுந்து எடுக்கிறவர். வலது கண் போய் இரண்டு வருஷம். இடது கண்ணிலும் புகை மூடிக்கொண்டு வருகிறது. நுவரெலியாவில் கண் ஒப்பரேஷனுக்கு எட்டு மாதம் காத்திருந்து தேதி கிடைத்திருக்கிறது. வரும் வியாழன். காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும்.

"முத்தின எலையா பறிக்கிறேன்னு கண்டாக்கு ஏசுறாரு. கண்ணு சரியாவாட்டி செக்ரோல்ல பேரு வைக்க முடியாதாம். இன்னும் ஒரு மாசம் பொறுக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

மலையில் கொழுந்து மேற்பார்வை அவர்தான்; சம்பளப் பட்டியலில் பேர் போய்விட்டால் வேலை போயிற்று. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மருமகள் கைக்குழந்தையோடு. அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"நீதானே ஓட்டுவ?" என்று என்னிடம் கேட்டார்.

இவர் முந்திக்கொண்டார். "நான் கொண்டு போறேங்க. பெட்டி இருக்கு, நேரத்துக்கு விட்டுரும்."

அக்கா என்னைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ அந்தக் கண்ணுக்கு. நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனேன்.

ஜூன் 11, புதன்

மழை. கரண்ட் இரண்டு தரம் போனது. தேங்காய் முடிந்துவிட்டது.

இவர் மேசையில் பெட்டியை வைத்து நாளைய வழியைப் போட்டார். நாலரைக்குப் புறப்பட்டால் ஆறு முப்பத்தைந்துக்கு நுவரெலியா. பக்கத்துத் தோட்டத்து ரோட்டால் டிக்கோயாப் பக்கம் போய் ஏறினால் இருபது நிமிஷம் மிச்சம் என்று கண்டுபிடித்திருக்கிறாளாம். பெருமையாகக் காட்டினார்.

அது என் ரோடு. ஆறு வருஷமாக நான் போகிற ரோடு.

அவளுக்குத் தெரியாதது ஒன்று. இவர் கத்தார் போன பிறகு, மரம் களவு போகிறது என்று அந்தத் தோட்டத்தில் ரோட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட்டார்கள். மாலை ஆறுக்குப் பூட்டினால் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில்தான் திறப்பார்கள். சாவி காவல்கார முனியாண்டி அண்ணனிடம். அவர் வீடு சங்கிலியிலிருந்து அரை மைல் கீழே. சங்கிலிக்குப் பக்கத்தில் போன் எடுக்காது. முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சொன்னால் மனுஷன் மழையோ பனியோ, டோர்ச்சோடு வந்து நிற்பார். ஒரு தடவையும் தவறியதில்லை. அவர் மனைவியைக் கிளினிக்குக்கு நான் ஏற்றிப்போவேன், அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

மாலை ஆறு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். இவர் பெட்டியோடு கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"காலையில போறதுக்கு வேற ஏதும் பாக்கணுங்களா?" என்று கேட்டேன். அந்த ரோடு எப்படி என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்கட்டும் என்று.

"எல்லாம் இதுல இருக்கு. நீ போய் வேலயப் பாரு."

போனை வைத்துவிட்டேன். பார்க்கட்டும். ஊர் சிரிக்கட்டும்.

முனியாண்டி அண்ணனுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாலரைக்கு அக்காவையும் மருமகளையும் ஏற்றினோம். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் விட்டிருந்தார்கள். அக்கா தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை, திருநீறு. மடியில் பை. பைக்குள் ஆஸ்பத்திரிக் கடதாசி மூன்று பொலித்தீனில் சுற்றி.

நாலு ஐம்பத்தைந்துக்குச் சங்கிலி. இவர் இறங்கி இழுத்துப் பார்த்தார். ஹோன் அடித்தார். பனி. யாரும் இல்லை. பெட்டிக்காரி நேராகப் போ, நேராகப் போ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பின்னாலிருந்து அக்கா, "என்னா தங்கச்சி, முனியாண்டி வரலியா?"

"தெரியலக்கா."

இந்த ஒரு வார்த்தையை நான் சொன்னேன். அரை மைல் ஓடிப்போய் அண்ணனை எழுப்பினால் நான் சொல்லாதது வெளியே வந்துவிடும், போகவில்லை.

திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மண்ணணை, மறுபக்கம் பள்ளம். பின்னாலேயே எடுக்க வேண்டும். இவருக்குக் கத்தாரின் அகல ரோட்டுப் பழக்கம். நான் இறங்கி போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நடந்தேன். சாவியைக் கொடுங்கள் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பின்சில்லு ரோட்டோரத் தண்ணிக் கானில் இறங்கியது. கீழ் லயத்துக்கு ஓடிப்போய் நாலு பேரைக் கூட்டிவந்து தள்ளினோம். மெயின் ரோட்டுக்கு வரும்போது ஆறரை. ஹட்டனில் பள்ளிக்கூட நேரத்து நெரிசல்.

எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் நல்ல பிள்ளை. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்: பட்டியல் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டது, டொக்டர் தொடங்கிவிட்டார், அடுத்த இடம் ஜூலை இருபத்துநாலு.

"என்னா சொல்றாங்க?" என்றார் அக்கா. அவருக்குச் சிங்களம் வராது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு வாரம் என்று சொன்னேன். கண்டாக்கு கொடுத்தது ஒரு மாதம்.

அக்கா பையைத் திறந்தார். கடதாசியை மறுபடி மூன்று பொலித்தீனிலும் சுற்றினார்.

வரும் வழியில் இவர், "சங்கிலி போட்டிருக்கானுங்கன்னு எவனுக்குத் தெரியும்" என்று நாலைந்து தரம் சொன்னார்.

ஜூன் 13, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

ஊருக்கே தெரிந்துவிட்டது. மளிகைக்கடை நானா: "என்னா தங்கச்சி, பெட்டி கவுத்துருச்சாமே. அந்தச் சனியனத் தூக்கி ஆத்துல போடுங்க." டீச்சர்மாரும் அதையேதான். நானும் சேர்ந்து ஏசினேன். எல்லோரையும் விடச் சத்தமாக. சனியன், மூதேவி, வாய்க்கொழுப்பு பிடித்தவள், நாசமாய்ப் போக. ஏச ஏச வாய்தான் வலித்தது. ரோடு சரியாகத்தான் சொன்னாள். சங்கிலியை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. இவருக்குச் சொல்ல ஆள் இருந்தது.

மாலையில் இவர் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நீயே ஓட்டு. இந்த ரோடு எனக்கு இனி சரிவராது."

இதற்காகத்தானே அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டேன். சாவியை ஆணியில் மாட்டவில்லை, மேசையிலேயே விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி மழை. மாரி பிஸ்கட், அரை சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கீழ்ப்பிரிவுக்குப் போனேன். நடந்து. வேனை எடுக்கக் கூச்சமாக இருந்தது.

அக்கா வாசலில் சுளகோடு. அரிசியில் கல்லை விரலால் தடவித் தடவி எடுக்கிறார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"முனியாண்டி அண்ணனுக்கு நான் சொல்லலக்கா."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

கை நின்றது. சுளகைக் கீழே வைத்தார். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஒங்க வீட்டுச் சண்டைக்கி என் கண்ணுதான் கெடச்சிச்சா."

அழுதேன். அவர் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் போ என்றார் அக்கா. குடித்தேன். பிஸ்கட்டைத் திருப்பித் தரவில்லை, பிரிக்கவும் இல்லை.

இவரிடமும் சொன்னேன். ரேடியோவை நிறுத்தினார். "எல்லாரும் பெட்டிய ஏசுனப்ப நீயும் சேந்துதானே ஏசுன." அதோடு சரி. நாங்கள் இரண்டு பேரும் இப்போது மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம், கடன்காரர் மாதிரி.

ஜூலை 24, வியாழன்

இத்தனை நாள் இதைத் தொடவில்லை. சுருக்கமாக: கண்டாக்கிடம் நான் போய்ப் பேசினேன், இவரும் போய்ப் பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. இம்மாதம் பத்தாம் தேதி செக்ரோலில் அக்காவின் பேரை எடுத்துவிட்டார்கள். கண் சரியானால் பார்க்கலாமாம்.

நேற்று மருமகளுக்குப் போன் பண்ணி, விடிய நாலு மணிக்கு வேனோடு வருகிறேன் என்றேன். "மாமிக்கிட்ட சொல்றேங்க" என்றாள். முனியாண்டி அண்ணனுக்கு இரண்டு தரம் சொல்லி வைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு எடுத்தேன். நல்ல மழை. நோர்வூட் பஸ் ஹோல்ட்டைக் கடக்கும்போது வெளிச்சத்தில் இரண்டு பேர். அக்காவும் மருமகளும், ஒரே குடைக்குள். கீழ்ப்பிரிவிலிருந்து நடந்து வந்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும்.

நிறுத்தினேன். இறங்கிக் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்கக்கா. நேரத்தோட போயிரலாம். சங்கிலி தொறந்திருக்கு."

"வேணாம் தங்கச்சி. பஸ் வரும்."

"மழையா இருக்கு அக்கா."

"இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. மருமகள் வேனைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், குடையைச் சாய்த்துப் பிடித்தாள். நான் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நனைந்தேன். நாலேகால் பஸ் வந்தது. கண்டக்டர் கைகொடுத்து அக்காவை ஏற்றினார். படி எங்கே என்று காலால் தேடினார் அக்கா.

வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். முந்த இடம் கிடைத்த வளைவுகளிலும் முந்தவில்லை. ஹட்டனில் இறங்கி, அக்கா மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினார். பதினாலு சீட்டும் காலியாக, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலும் ஓட்டினேன்.